மகாராணி படத்தில் மரப்பால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள். ஒன்றில் விக்டோரியா மகாராணி, மற்றதில் அவர் கணவர் ஆல்பர்ட். எஸ்டேட் துரை பங்களாவைக் காலி செய்தபோது, அங்கே தோட்டக்காரராக இருந்த பெரியப்பாவுக்குக் கிடைத்தவை. போன மாதம் புதுச் சட்டம் போடக் கழற்றினோம். "இது கையால வரைஞ்சதா, அச்சடிச்சதாடா?" என்றார் பெரியம்மா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு அச்சு, வண்ணம் கை.

முகத்தின் நிழலெல்லாம் நுண்ணிய கோடுகளும் புள்ளிகளும்தான். செப்பு அல்லது எஃகுத் தகட்டில் கூரான உளியால் அவற்றைக் குழியாகச் செதுக்குவார்கள். காலமெல்லாம் ரப்பர் மரம் சீவிய பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. பட்டையில் கத்தி போட்ட தடத்தை விட்டு விலகாமல் பால் ஓடுகிறது அல்லவா? அப்படித்தான் மையும் செதுக்கிய தடத்துக்குள் தங்கும். தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துணியால் துடைத்தெடுத்தால் மிச்சம் இருப்பது குழிக்குள் இருக்கும் மை மட்டும். அதன்மேல் ஈரத்தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டுவார்கள். இளகிய தாள் குழிக்குள் இறங்கி மையைப் பற்றிக்கொள்ளும். குழி ஆழமானால் கறுப்பும் அழுத்தமாகும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடமும் தெரியும்.

செம்பு மென்மையானது, அச்சடிக்க அடிக்கத் தேயும். 1820களில் எஃகுத் தகடு பரவிய பிறகு, ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்க முடிந்தது. 1840இல் இந்த இருவருக்கும் திருமணம் நடந்தபோது அரச தம்பதியின் முகம் சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னை அதிகம் கவர்ந்தது வண்ணம்தான். அரைத்த நிறத்தூளைக் கருவேல மர இனத்தின் பிசினோடும் தண்ணீரோடும் குழைத்துத் தூரிகையால் மெல்லிசாகப் பூசுவார்கள். பூச்சு மெல்லிசு என்பதால் அடியில் உள்ள கோடு மறையாது. இந்தக் காலத்து அச்சுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல நிறப் புள்ளிகள் தெரியும். இதில் நிறப் புள்ளியே இல்லை. ஆல்பர்ட்டின் தோள்பட்டையில் நீலம் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வழிந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய கை அங்கே அவசரப்பட்டிருக்கிறது!

அந்தக் காலத்துப் பொன்மஞ்சளுக்குப் பெயர் கம்போஜ். கம்போடியாவின் பெயரிலிருந்து வந்த சொல் அது. நம் மங்குஸ்தீன், அசாம் கெப்பிங் மரங்களுக்குச் சொந்தக்கார மரம் ஒன்றின் பட்டையைக் கீறி, வடியும் மஞ்சள் பாலை மூங்கில் குழாயில் பிடித்து இறுக வைப்பார்கள். கோப்பைக்குப் பதில் மூங்கில், அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொன்னதும் பெரியம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

கார்மைன் சிவப்பு, மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியில் வாழும் சிறு பூச்சியிலிருந்து வருவது. வெளிச்சம் பட்டால் அதன் மூலக்கூறுகள் சிதைந்து நிறம் போய்விடும். மகாராணியின் பின்னால் தொங்கும் திரை எங்கும் வெளிறியிருக்கிறது, சட்டம் மறைத்திருந்த ஓரம் மட்டும் இன்னும் நல்ல சிவப்பு. இரும்புச் சேர்மமான பிரஷ்ய நீலம் வெளிச்சத்தை அதைவிட நன்றாகத் தாங்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே அமிலமில்லாத தடித்த அட்டையை வைக்கச் சொன்னேன். அப்புறம், ஜன்னலுக்கு எதிரே இருந்த பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, வெயில் எட்டாத நடைச் சுவரில் இரண்டையும் மாட்டினோம்.