மின் நிலையம் வரவில்லை, எடுத்த நிலம் திரும்ப வருமா?

"அனல்மின் திட்டம் ரத்து" என்று பேப்பரில் செய்தி வந்ததும் ஊரில் வெடி வெடிக்கும், போராட்டக் குழுத் தலைவருக்கு மாலை விழும். ஆறு மாதம் கழித்து அதே ஊர்க்காரர் பயிர்க்கடனுக்கு அடங்கல் வாங்க வி.ஏ.ஓ.விடம் போனால், "இந்த சர்வே நம்பர் நில எடுப்பில் இருக்கே, நான் எப்படிங்க எழுதித் தர்றது?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையிலுள்ள பதிவேட்டில் திட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். எது ரத்தானது? செய்யூரில் 4,000 மெகாவாட் நிலையம் வருவதாகச் சொன்னார்களே, 2015 தொடக்கத்தில் அங்கே ரத்தானது ஏலம்தான், திட்டம் அல்ல. ஜார்க்கண்டின் திலையாவில் அதே ஆண்டு முறிந்தது மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம். ராமநாதபுரம் உப்பூரில் 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் கைவைத்தது சுற்றுச்சூழல் அனுமதியில், அப்புறம்தான் திட்டத்தை உடன்குடிக்கு மாற்றும் பேச்சு வந்தது. பேப்பருக்கு எல்லாமே "ரத்து". வருவாய்த் துறைக்கு இதில் ஒன்றுகூட நிலத்தை விடுவிக்கும் ஆணை இல்லை. அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தாலும் அப்படித்தான், அதற்குப் பின்னால் அரசாணை வர வேண்டும், அந்த அரசாணையின் அட்டவணையில் உங்கள் சர்வே எண்ணும் உட்பிரிவும் இருக்க வேண்டும். ஊர் பெயர் மட்டும் இருந்தால் போதாது. 112/2 உங்களுடையது, அட்டவணையில் 112/2ஏ என்று இருக்கிறது என்றால், அந்த ஒரு எழுத்துக்காக உங்களை ஒரு வருடம் அலைய வைப்பார்கள்.

அடுத்த கேள்வி, எந்தச் சட்டத்தில் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: 1894-ன் பழைய நில எடுப்புச் சட்டம், தொழில் தேவைகளுக்கான 1997-ன் மாநிலச் சட்டம், 2013-ன் மத்தியச் சட்டம். டீக்கடையில் எல்லோரும் 2013 சட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மாநிலத்தின் 1997 சட்டத்தில் எடுத்திருந்தால் மத்தியச் சட்டத்தின் பெரும்பாலான பாதுகாப்புகள் உங்களுக்கு இல்லை, இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு, மறுகுடியமர்வு விதிகளும் மட்டும்தான் அதன்படி வரும். சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் இந்த மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்றது, அரசு உடனே புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த 1997 சட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 3(1) அறிவிப்பு கெஜட்டில் வந்த தேதியிலேயே நிலம் அரசுக்குப் போய்விடும், அவார்டு (இழப்பீட்டைத் தீர்மானிக்கும் ஆணை) போட்டார்களா, பணம் வந்ததா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ஆகவே பழைய நோட்டீஸ் வீட்டில் எங்காவது பெட்டியில் கிடந்தால் தேடி எடுங்கள். அதன் தலைப்பிலேயே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கும்.

நோட்டீஸ் மட்டும் வந்து அவார்டு போடாமல் திட்டம் நின்றுபோனவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். 2013 சட்டம் என்றால் முதல் அறிவிப்பிலிருந்து 12 மாதத்துக்குள் உறுதி அறிவிப்பு வர வேண்டும், அதிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு வர வேண்டும், வராவிட்டால் நடவடிக்கை காலாவதி. அரசு காரணம் எழுதி நீட்டிக்கலாம், நீதிமன்றத் தடை இருந்த நாட்களையும் கழித்துக்கொள்வார்கள், அதனால் காலண்டரைப் பார்த்து நீங்களே முடிவுகட்ட வேண்டாம். காலாவதி என்று யாரும் கடிதம் போட்டுச் சொல்லவும் மாட்டார்கள். முதல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை உண்டு, மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கர் விற்க முடியாமல் வட்டிக்கு வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. சிறப்புக் காரணம் இருந்தால் கலெக்டர் விலக்கு தரலாம் என்று அதே 11(4) பிரிவில் எழுதியிருக்கிறது. மனு கொடுத்தால்தான், அதுவும் எழுத்தில்.

பலருக்குத் தெரியாத ஒன்று 2013 சட்டத்தின் 93-வது பிரிவு. நிலத்தை இன்னும் கையில் எடுக்காத நிலையில் அரசு பின்வாங்கினால், அந்த நோட்டீஸால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் நீங்கள் செய்த நியாயமான செலவையும் கலெக்டர் கணக்கிட்டுத் தர வேண்டும். பழைய சட்டத்திலும் 48-வது பிரிவில் இதே விஷயம் உண்டு. போர்வெல் போட விடவில்லை, பேசி வைத்த கிரயம் நின்றுபோனது, வக்கீலுக்குக் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் ரசீதோடு கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை. நிலம் விடுவிக்கும் நேரத்தில் "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள், கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டுவிட்டு வராதீர்கள். எல்.ஏ.ஓ.பி. வழக்கு, அதாவது கூடுதல் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு நிலுவையில் இருப்பவர்கள் வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

இனி கஷ்டமான கூட்டம். அவார்டு வந்து, நிலத்தை எடுத்துக்கொண்டதாகக் கோப்பில் எழுதிய பிறகு திட்டம் செத்துப்போனவர்கள்.

"நாங்கதான் இன்னும் உழுது சாப்பிடுறோம், நிலம் எங்க கையிலதானே இருக்கு" என்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நிலத்தை எடுத்ததாக ஒரு மகஜர் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவே போதும், அதற்குப் பிறகு உழுகிறவர் ஆக்கிரமிப்பாளர் என்று 2020 மார்ச் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. பழைய சட்டத்தில் எடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆனால் 2013 சட்டத்தின் 24(2) பிரிவில் தானாகக் காலாவதி என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய அடி. நிலத்தையும் எடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை, இரண்டும் சேர்ந்திருந்தால்தான் காலாவதி. "பணம் வேண்டாம்னு திருப்பி அனுப்பினேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர்கள் உண்டு, வீரம்தான், ஆனால் பணத்தைத் தர முன்வந்தார்கள், நீங்கள்தான் மறுத்தீர்கள் என்றால் அது உங்களுக்கு உதவாது. அவார்டு 2009 ஜனவரி 1-க்கு முந்தையது இல்லை என்றால் அந்தப் பிரிவை மறந்துவிடலாம்.

ஆனால் அந்த மகஜரைப் பார்க்காமல் தோற்றுவிட்டதாக ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்த ஒரு நகலில் நாற்பது சர்வே எண்களுக்குச் சேர்த்து ஒரே மகஜர், ஒரே நாள், எல்லாம் "தரிசு" என்று எழுதியிருந்தது. அதில் பாதி முந்திரித் தோப்பு. சாட்சிக் கையெழுத்து இரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு, சாட்சிகளின் ஊர் பெயர்கூட இல்லை. அதே வருடத்து அடங்கலில் முந்திரி என்று வி.ஏ.ஓ.வே எழுதி வைத்திருக்கிறார். இப்படி ஒரு முரண்பாடு கையில் இருந்தால் நீதிமன்றத்தில் பேச ஏதாவது இருக்கிறது, இல்லாவிட்டால் வெறும் கண்ணீர்தான்.

2013 சட்டத்தின் 101-வது பிரிவைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியையும் நம்பி உட்கார வேண்டாம். ஐந்து வருடம் பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது உண்மை. யாருக்கு என்பதில்தான் வினை. பழைய உரிமையாளருக்கோ வாரிசுக்கோ, "அல்லது அரசின் நில வங்கிக்கு" என்று இருக்கிறது. அந்த "அல்லது" போதும், நிலம் வங்கிக்குப் போய் நாளைக்கு சோலார் பூங்காவோ சிப்காட்டோ ஆகிவிடும். தவிர அந்தப் பிரிவு "இந்தச் சட்டத்தின்கீழ்" எடுத்த நிலத்தைத்தான் சொல்கிறது, 1894 சட்டத்தில் போன நிலத்துக்கு இதைக் காட்டினால் அரசு வக்கீல் எழுந்து அதைத்தான் முதலில் வாசிப்பார். ஒரு பொதுக் காரியத்துக்கு எடுத்ததை இன்னொன்றுக்குப் பயன்படுத்தலாம், பழைய உரிமையாளர் திருப்பிக் கேட்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியும் இருக்கிறது.

அப்படியானால் ஜெயங்கொண்டத்தில் எப்படி? பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990-களின் பிற்பாதியில் தொடங்கி ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள், கால் நூற்றாண்டு ஒரு யூனிட் மின்சாரமும் வரவில்லை, 2022-ல் நிலத்தை விவசாயிகளிடமே திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. அது அரசு எடுத்த கொள்கை முடிவு, விடாமல் போராடியதால் கிடைத்தது. உங்கள் ஊருக்கும் அது தானாக வரும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வாங்கிய இழப்பீட்டைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, வட்டி உண்டா என்பதும் ஒவ்வொரு ஆணையிலும் வேறு வேறாக இருக்கலாம், உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் இந்தக் கேள்வியே பெரிய வழக்கானது. அறிவிப்பு வந்த மகிழ்ச்சியில் இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

திரும்ப வரும் என்று வைத்துக்கொண்டாலும் யார் பெயருக்கு வரும்? நோட்டீஸ் தாத்தா பெயரில், தாத்தா போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார், இப்போது பங்காளிகள் பதினோரு பேர், அதில் ஒருவர் மும்பையில். வாரிசுச் சான்றுக்குப் போனால் தாத்தாவின் இறப்புச் சான்று கேட்பார்கள், அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்? பதியாத இறப்பைத் தாமதமாகப் பதிய ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆணை வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. அறிக்கை வேண்டும், வி.ஏ.ஓ. மாறுதலாகிப் போயிருப்பார். இந்த வேலையை அரசாணை வந்தபிறகு தொடங்குபவர்கள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைக்கே தொடங்கலாம், திட்டம் ரத்தாக வேண்டும் என்றுகூட இல்லை. அத்தை, அக்கா பெயர்களை வாரிசுப் பட்டியலில் விட்டுவிட்டால் சீக்கிரம் முடியும் என்று புரோக்கர் சொல்வார், அங்கேதான் அடுத்த இருபது வருட சிவில் வழக்கு பிறக்கிறது.

அலுவலகம் என்று பார்த்தால், நில எடுப்புக்கென்று போட்ட தனி தாசில்தார் அலுவலகத்தைத் திட்டம் நின்றதும் மூடிவிடுவார்கள். தாலுகா ஆபீசில் கேட்டால் "எங்ககிட்ட கோப்பு இல்ல, கலெக்டரேட் போங்க" என்பார்கள், கலெக்டரேட்டில் "டி.ஆர்.ஓ. செக்‌ஷன்" என்பார்கள், அங்கே "நிறுவனத்துக்கிட்ட கேளுங்க" என்பார்கள். வாய்வழியாகக் கேட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் ஒரு மனு. கோப்பு வேறு இடத்தில் இருந்தால் மனுவை ஐந்து நாளில் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, 6(3) பிரிவு. "என் நிலம் எப்போது வரும்" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். நகல் கேளுங்கள்: கெஜட் அறிவிப்பு, அவார்டு, மகஜர், பணம் கட்டிய சலான், திட்டத்தைக் கைவிட்ட அரசாணை. முப்பது நாளில் பதில் இல்லை என்றால் மேல்முறையீடு. கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதித் தந்தாலும் பத்திரமாக வையுங்கள், மகஜரே இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி அது பின்னால் உதவலாம்.

விடுவிப்பு ஆணை வந்துவிட்டது, பட்டாவும் மாறிவிட்டது என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பதிவுத் துறைக் கணினியில் அந்த சர்வே எண்ணுக்குத் தடை அப்படியே இருக்கும், கலெக்டர் அலுவலகக் கடிதம் அங்கே போயிருக்காது. நிலத்தை விற்கப் போகிற அன்றைக்குத் தெரிந்தால் அட்வான்ஸ் வாங்கியவர் கதி அதோகதி. எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் அ-பதிவேட்டின் நகலை இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம், அதில் பெயர் மாறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

கடைசியாக, அரசு எடுக்காமல் தனியார் மின் நிலையத்துக்காகப் புரோக்கர் வழியாக எழுதிக் கொடுத்தவர்கள். மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கிரயம் முடிந்திருந்தால் அது விற்பனை, நிலையம் வந்தாலும் வராவிட்டாலும் நிலம் வாங்கியவருடையது. அட்வான்ஸ் மட்டும் வாங்கிக் கிரய அக்ரிமென்ட் போட்டிருந்தால் அதைச் சொல்லி வழக்குப் போட அவர்களுக்கு மூன்று வருடம்தான், ஆனால் பதிவான அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் தொங்கிக்கொண்டே இருக்கும், அதைத் தாண்டி வேறு யாரும் வாங்க மாட்டார்கள். பவர் எழுதிக் கொடுத்தவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். அந்தப் பவரை வைத்து உங்களுக்குத் தெரியாமல் மூன்றாம் ஆளுக்குக் கிரயம் போகலாம். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவர் என்றால் நினைத்தபடி ரத்து செய்யவும் முடியாது. இந்த வாரமே முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பத்திரத்தோடு ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.