கிரேனின் நிழல் தண்டவாளத்தில் விழும்போது

தைவானின் தைச்சுங் நகரம், 2023 மே 10, நண்பகல் கழிந்து சற்று நேரம். ஃபெங்லே பூங்கா மெட்ரோ நிலையத்தில் இரண்டே பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று நின்றிருந்தது. நிலையத்தை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் உச்சியிலிருந்த கோபுரக் கிரேனின் நீண்ட கை கழன்று, உயர்மட்டப் பாதையின் மேல் வந்து விழுந்தது. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ரயிலின் கதவுகளோ வழக்கம்போல மூடிக்கொண்டன. ஓட்டுநர் இல்லாமல் தானாக இயங்கும் அந்த ரயில் புறப்பட்டு, பாதையில் கிடந்த இரும்புச் சட்டகத்தில் போய் மோதியது. ஒரு பெண் உயிரிழந்தார். பத்துப் பேருக்கும் மேல் காயமடைந்தார்கள்.

கிரேன் விழுந்ததைவிட, விழுந்த பிறகும் ரயில் புறப்பட்டதுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. மனிதக் கண்ணுக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்த ஒன்று இயந்திரத்துக்கு ஏன் தெரியவில்லை?

ரயில் சிக்னல் அமைப்பு ரயில்களை மட்டுமே அறியும். பழைய முறையில் இரண்டு தண்டவாளங்களிலும் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் வந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் குறுக்கே பாய்ந்துவிட, ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்ச் விழுகிறது, பின்னால் வரும் ரயிலுக்குச் சிக்னல் சிவப்பாகிறது. இரும்புக் கை சரியாக இரு தண்டவாளங்களையும் தொட்டபடி கிடந்தால் இந்த முறை அதையும் ஒரு ரயில் என்று எண்ணிச் சிவப்பு காட்டக்கூடும். ஆனால் விழுவது கான்கிரீட் பாளமாக இருந்தாலோ, பாதையோரச் சுவரில் சாய்ந்தபடி கை அந்தரத்தில் நின்றாலோ ஒன்றும் நடக்காது. இப்போது பல இடங்களில் இருப்பது ஆக்சில் கவுண்டர். ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியேறின என்று எண்ணுவதோடு அதன் வேலை முடிந்தது. புதிய மெட்ரோக்களில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தை ரேடியோ வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. மேலிருந்து விழுந்த பொருளுக்கு அச்சும் இல்லை, ரேடியோவும் இல்லை.

கண்ணால் பார்க்கும் லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர், இருந்தால் போதுமா? நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரையைத் தொட மூன்று விநாடிகூட ஆகாது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் அந்த நேரத்தில் ஏறக்குறைய 90 மீட்டர் கடந்துவிடும். இன்ஜின் இழுத்துவரும் பயணிகள் ரயில் அவசர பிரேக் போட்ட பிறகும் நிற்பதற்கு முக்கால் கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை வேண்டும். வளைவில் வந்துகொண்டிருந்தால் அவ்வளவு தொலைவு அவர் கண்ணுக்கே எட்டாது.

சரி, கிரேன் ஏன் விழுகிறது? கிணற்றடியில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏற்ற மரத்தின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால் தொங்கும், மறுமுனையில் பாரம் இருக்கும். மரத்தை எங்கே தாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, சிறிய பாரத்தாலும் பெரிய சால் மேலே வந்துவிடும். கிரேனிலும் எடையை மட்டும் பார்த்துப் பயனில்லை. எடையையும், அது கிரேனின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். பத்து டன் எடை ஐந்து மீட்டரில் தொங்கினால் 50. அதே பத்து டன் இருபது மீட்டரில் தொங்கினால் 200. எடை கூடவில்லை, கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகிவிட்டது. '100 டன் கிரேன்' என்று சொல்லும்போது, அது கிட்டத்தட்டத் தன் காலடியில் மட்டுமே 100 டன்னைத் தூக்கும் என்று பொருள். முப்பது மீட்டர் கை நீட்டினால் அதில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும். ஒவ்வொரு கிரேன் அறையிலும் இதற்கான அட்டவணை இருக்கிறது. அளவு மீறினால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் பெரும்பாலும் இருக்கிறது.

அட்டவணை சொல்லாத ஒன்று உண்டு: காலடியில் உள்ள மண். லாரி கிரேன் வேலை செய்யும்போது சக்கரங்களை நம்பி நிற்பதில்லை, நான்கு அவுட்ரிகர் கால்களை விரித்து அவற்றின் மேல் நிற்கிறது. கை ஒரு மூலைப் பக்கம் திரும்பும்போது மொத்தப் பளுவில் பாதிக்கும் மேல் அந்த மூலைக் காலில் இறங்கும். 60 டன் பளு அரை மீட்டர்க்கு அரை மீட்டர் தட்டின் மேல் இறங்கினால், சதுர மீட்டருக்கு 240 டன் அழுத்தம். மென்மையான களிமண் சதுர மீட்டருக்குப் பத்து டன் தாங்கினாலே பெரிது. அடியில் ஒன்றரை மீட்டர் சதுரமான வலுவான பலகையை விரித்தால் அழுத்தம் 27 டன்னாகக் குறையும். இந்தப் பலகை விரிப்பதைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். ரயில் பாதையோர மண் இன்னும் மோசமானது. அணைகரையின் சரிவு, பழைய வடிகால், எப்போதோ தோண்டிக் கேபிள் புதைத்து மூடிய குழி என எல்லாம் அங்கே இருக்கும். ஒரு கால் சில அங்குலம் இறங்கினால் போதும், நாற்பது மீட்டர் உயரத்தில் கையின் நுனி அதைப்போலப் பல மடங்கு வெளியே சாயும். சாயச் சாயத் தூரம் கூடுகிறது, தூரம் கூடக் கூடக் கவிழ்க்கும் விசையும் கூடுகிறது. பிறகு திரும்பி வர வழியில்லை.

காற்றின் கணக்கு இதைவிட ஏமாற்றக்கூடியது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 36 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ ஆறு கிலோ எடை அளவுக்குத் தள்ளும், 72 கி.மீ. காற்று 25 கிலோ அளவுக்கு. கொக்கியில் தொங்குவது இருபது சதுர மீட்டர் தகடாக இருந்தால், அது பாய்மரம்தான். அரை டன் விசையோடு அதைக் காற்று வெளிப்பக்கம் தள்ளும்.

இரவில் கட்டடத்தின் மேல் நிற்கும் கோபுரக் கிரேன் தானாக மெல்லச் சுழல்வதைப் பார்த்து நீங்கள் பதறியிருக்கலாம். அது சரியாகத்தான் நடக்கிறது. வேலை முடிந்ததும் சுழல் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும் என்பது கோபுரக் கிரேனின் அடிப்படை விதி. அப்போதுதான் கை காற்றின் போக்கில் திரும்பி, குறைந்த பரப்பைக் காற்றுக்குக் காட்டும். கையைப் பூட்டி வைத்தால் பக்கவாட்டுக் காற்று முழுப் பலத்தோடு அறைந்து கோபுரத்தையே முறித்துவிடும். ஆனால் பக்கத்தில் ரயில் பாதை இருந்தால் இந்தப் பாதுகாப்பு முறையே ஒரு சிக்கலாகிறது. பகல் முழுவதும் கையைப் பாதைப் பக்கம் போகவிடாமல் காத்துவிட்டு, இரவில் அதைக் காற்றின் கையில் கொடுத்துவிடுகிறோம். அதனால் பாதையோரத்தில் கிரேனை எங்கே நிறுத்துவது, கை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பவற்றை முதல் ஆணி அடிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பாலம் கட்டும் லாஞ்சிங் கேன்ட்ரி முற்றிலும் வேறு வகை. அது தரையில் நிற்பதில்லை. தூண்களின் தலைமேல் அமர்ந்து, கான்கிரீட் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, எஃகுக் கம்பிகளால் இறுக்கி ஒரே கர்டராக்கி (பாலத்தின் உத்தரம்) இறக்கிவைக்கும் நீண்ட இரும்புச் சட்டகம். ஓர் இடைவெளி முடிந்ததும் அடுத்த தூணை நோக்கித் தானே நகரும். பளு தூக்கும்போதுதான் ஆபத்து என்று நினைப்போம். நகரும்போதுதான் அதன் தாங்கு புள்ளிகள் மாறுகின்றன, பிணைப்புகள் அவிழ்கின்றன, எடை முன்னும் பின்னும் ஓடுகிறது. 2025 மார்ச் 23 இரவு, மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாதைப் பணியில், அகமதாபாதின் வட்வா அருகே நடந்தது இதுதான். கர்டரை வைத்து முடித்துவிட்டுப் பின்வாங்கிய கேன்ட்ரி, இருந்த இடத்திலிருந்து வழுக்கியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, கட்டிய பாலத்துக்கும் கேடு இல்லை. ஆனால் பக்கத்தில் ஓடும் ரயில் பாதை முடங்கி, சுமார் 25 ரயில்கள் ரத்தாயின.

தண்டவாளத்தைத் தொடாமலே ரயிலை நிறுத்தும் வழியும் கிரேனுக்கு உண்டு. இந்தியாவில் மின்மயமான பெரும்பாலான பாதைகளின் மேல் ஓடுவது 25,000 வோல்ட். கம்பி ரயில்மட்டத்திலிருந்து ஐந்தரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு இரண்டு மீட்டருக்குள் எந்த வேலையும் மின்சாரத்தை நிறுத்தாமல் செய்யக்கூடாது; இந்த மின்னழுத்தம் தொடுகைக்குக் காத்திராமல் காற்றையே தாண்டிப் பாயும். கிரேனின் கை கம்பியைத் தொட்டுவிட்டால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருப்பதுதான் பொதுவாக அவருக்குப் பாதுகாப்பு. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், கிரேனையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, சேர்த்தபடியே சிறு சிறு எட்டாக நகர வேண்டும். மண்ணில் மின்னழுத்தம் வட்ட வட்டமாகக் குறைந்துகொண்டே போகும். அகல எட்டு வைத்தால் இரு பாதங்களுக்கும் இடையிலான வேறுபாடே உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்திவிடும். 2006 ஆகஸ்ட் 14 அன்று டோக்கியோ அருகே ஆற்றில் சென்ற மிதவைக் கிரேன் ஒன்றின் கை 2,75,000 வோல்ட் கம்பிகளில் பட்டது. ஏறக்குறைய 14 லட்சம் வீடுகள் இருண்டன. ஆற்றுக்குச் சம்பந்தமே இல்லாத பாதைகளில் ரயில்கள் நின்றன.

பாதை அடைபட்டுவிட்டால் ரயிலை எச்சரிக்க இந்திய ரயில்வேயில் பழைய, நம்பகமான முறை ஒன்று இருக்கிறது. அகலப் பாதையில் தடையிலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தில் பொருத்துவார்கள். சக்கரம் ஏறினால் அவை வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்டு லோகோ பைலட் பிரேக் போடுவார். செங்கொடியோடு ஓடிப்போய் இவற்றை வைத்த டிராக்மேன்கள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறார்கள்; அவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் சரளைக் கல்லின் மேல் 1,200 மீட்டர் ஓட ஆறேழு நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் விரைவு ரயில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும்.

ஆகவே காப்பு முழுவதும் கிரேன் கை உயரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ரயில்வேக்காரர்கள் பிளாக் வாங்குவது என்று சொல்வது அதைத்தான். டிராஃபிக் பிளாக் என்றால் குறித்த நேரம் வரை அந்தப் பாதையில் ரயில் வராது; பவர் பிளாக் என்றால் மேலே மின்சாரம் இராது. பாதையின் மையத்திலிருந்து மூன்றரை மீட்டருக்குள் இயந்திரம் வர வேண்டுமானால் பிளாக் வேண்டும், மூன்றரைக்கும் ஆறு மீட்டருக்கும் இடையில் ரயில்வே ஊழியரின் மேற்பார்வை வேண்டும் என்பது இங்கே பாதையோரப் பணிகளில் பின்பற்றப்படும் அளவு. மண்வாரிக்கும் டிப்பர் லாரிக்கும் அது பொருந்தும். நாற்பது மீட்டர் கை கொண்ட கிரேன் இருபது மீட்டர் தள்ளி, முறையாக வேலிக்கு வெளியே நின்றாலும், சாய்ந்தால் இரட்டைப் பாதைக்கும் குறுக்கே படுத்துவிடும். கிரேனின் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அளப்பதைவிட, அது எந்தப் பக்கம் விழுந்தாலும் எங்கே எட்டும் என்று ஒரு வட்டம் வரைந்து பார்ப்பதே சரியான அளவு. அந்த வட்டத்துக்குள் தண்டவாளம் இருந்தால், தனியார் மனையில் நடக்கும் வேலையும் ரயில்வேயின் கவலைதான். தைச்சுங்கில் கிரேன் நின்றதும் ரயில்வே நிலத்தில் இல்லை, ஒரு கட்டட மனையில்தான்.

காற்றையும் சிக்னலையும் இணைப்பது நமக்குப் புதிதில்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும்படி வைத்திருந்தார்கள். யாரும் யாருக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய கோபுரக் கிரேன்களின் உச்சியிலும் காற்றுமானி சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. அது காட்டும் எண் பெரும்பாலும் கிரேன் ஓட்டுநரின் அறைத் திரையோடு நின்றுவிடுகிறது.