கோல்ட் புரூ: காய்ச்சாத காப்பிக்குத் தமிழில் என்ன பெயர்?

‘கோல்ட் புரூ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘குளிர் காய்ச்சல்’ என்று வந்து நிற்கும். காப்பி கேட்டவருக்குக் கஷாயம்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆங்கிலப் பெயரும் அப்படியொன்றும் பொருத்தமானதில்லை. ‘புரூ’ என்பது முதலில் பீர் காய்ச்சும் தொழிலின் சொல். கொதித்தல், பொங்குதல் என்பதே அதன் வேர்ப்பொருள். ‘பிராத்’ என்னும் சாறும் அதே வேரில் கிளைத்ததுதான். பிற்பாடு தேநீருக்கும் காப்பிக்கும் பரவி, கடைசியில் அடுப்பையே காணாத பானத்துக்கும் பெயராகிவிட்டது. நாம் புழங்கும் ‘டிகாக்ஷன்’ இதற்கு உதவாது. வேகவைத்துச் சாறு இறக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஜப்பானியர் ‘மிசுதாஷி’ என்கிறார்கள்: மிசு என்றால் நீர், தாஷி என்றால் வெளியே எடுத்தல். வெப்பத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

செய்முறையைப் பார்த்தால் பெயர் தானே கிடைக்கும். 100 கிராம் கொரகொரப்பான காப்பித் தூளில் 800 மில்லி தண்ணீர் ஊற்றி, தூள் முழுவதும் நனையும்படி கிளறி, மூடி வைக்க வேண்டும். 12 முதல் 18 மணி நேரம் கழித்துத் துணியிலோ காகித வடிகட்டியிலோ வடிக்கலாம். நைசான தூள் வேண்டாம். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கலங்கலாகவும் இறங்கும். வெந்நீர் சில நிமிடங்களில் இழுத்துவிடும் சாரத்தைத் தண்ணீர் மெல்ல மெல்ல வாங்குகிறது. புளிப்பும் கசப்பும் தரும் பொருள்கள் சில குறைவாகவே இறங்குவதால் சுவை மென்மையாக இருக்கும். காஃபீன் சாதாரணத் தண்ணீரிலும் கரையும் என்பதால், இதைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று எண்ண வேண்டாம்.

ஆக, நடப்பது ஊறுதல். ‘ஊறல்’ என்பதே சரியான சொல். சாராய ஊறல் நினைவுக்கு வருகிறதே என்று சிலர் நெளியலாம். புரூவே பீர்ப் பானையிலிருந்து வந்ததுதானே! 1964இல் அமெரிக்காவின் டாட் சிம்ப்சன் இப்படிக் காப்பி ஊறவைக்க உருவாக்கிய வீட்டுக் கருவியின் பெயரோ ‘டாடி’ (Toddy). ஆங்கிலத்தில் கள்ளுக்கும் அதுதான் பெயர்.

‘கோல்ட்’ என்பதற்குக் ‘குளிர்’ வேண்டாம். அறை வெப்பநிலையில் இருக்கும் நீரே போதும், சூடாக்காததுதான் முக்கியம். அந்தப் பொருளுக்கு நம்மிடம் ‘தண்’ இருக்கிறது. தண்ணீர் என்றதும் ஐஸ் போட்ட நீரை யாரும் நினைப்பதில்லை. வெந்நீர் அல்லாதது, அவ்வளவுதான். தண் + ஊறல் = தண்ணூறல். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வரும்போது இரட்டிக்கும் என்ற பழைய விதிப்படியே இது புணர்கிறது. ‘தண்ணூறல் காப்பி’ என்று எழுதலாம். பேச்சில் ‘ஊறல் காப்பி’ போதும்.

சூடாகப் போட்டு ஐஸ் சேர்ப்பது வேறு. அதைக் ‘குளிர் காப்பி’ என்றே சொல்லலாம். தண்ணூறலைக் கெட்டியாக வடித்து, வெந்நீர் கலந்து ஆவி பறக்கக் குடித்தாலும் அது தண்ணூறல்தான்.