பெரிய சிறுநீரகக் கல்: லேசரா, துளையா?

"டாக்டர், கீறாமல் லேசரிலேயே எடுத்துவிடலாமா?" ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்ததும் பலரும் கேட்பது இதைத்தான். சின்னக் கல் என்றால் பேச்சு எளிதில் முடிந்துவிடும். 2 சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு வேறு இரண்டு கேள்விகள் முக்கியம்: எத்தனை தடவை மயக்க மருந்து தேவைப்படும்? கடைசியில் உள்ளே எவ்வளவு கல் மிச்சமிருக்கும்?

வலியை வைத்துக் கல்லின் அளவைக் கணிக்க முடியாது. சிறுநீர்க்குழாயில் சிக்கிய 5 மில்லிமீட்டர் கல் ஆளைத் துடிக்க வைக்கும். மான்கொம்பு போலக் கிளைவிட்டுச் சிறுநீரகத்தையே நிரப்பிய கல்லோ பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். அதற்குள் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகலாம்.

வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சை, 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. சிறிய கற்களுக்கு இன்றும் நல்ல வழிதான். பெரிய கல்லை அப்படி உடைத்தால் துகள்கள் வரிசைகட்டி இறங்கிச் சிறுநீர்க்குழாயை அடைத்துக்கொள்ளும். சி.டி. ஸ்கேனில் அடர்த்தி 1000 யூனிட்டுக்கு மேல் காட்டும் கல் எளிதில் உடையவும் உடையாது.

நோயாளிகள் 'லேசர்' என்று கேட்பது பெரும்பாலும் ஆர்.ஐ.ஆர்.எஸ். முறையை. சிறுநீர் வரும் பாதையிலேயே வளையும் கருவியைச் செலுத்தி, லேசரால் கல்லைப் பொடியாக்குவது. உடம்பில் துளை கிடையாது, ரத்தக்கசிவும் குறைவு. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்த முடியாத இதய நோயாளிகளுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். ஆனால் 3 சென்டிமீட்டர் கல்லைப் பொடியாக்க நேரம் பிடிக்கும். நேரம் நீள நீளக் கிருமித்தொற்று அபாயமும் கூடும். அதனால் இரண்டு, மூன்று தவணையாகப் பிரிக்க வேண்டி வரலாம். செலவைக் கேட்கும்போது, அது ஒரு தவணைக்கா, கல் முழுதும் போகும்வரைக்கா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

முதுகுப்பக்கம் துளையிட்டு நேராகக் கல்லை அடைவது பி.சி.என்.எல். துளை சுமார் 1 சென்டிமீட்டர்தான். 'மினி' முறையில் இன்னும் சிறியது. கல்லை உடைத்துத் துண்டுகளை அப்போதே வெளியே எடுத்துவிடலாம். 2 சென்டிமீட்டருக்கு மேல் இதையே முதல் தேர்வாக ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. என் கருத்தும் அதுதான். ஆபத்தே இல்லையென்று சொல்லமாட்டேன். காய்ச்சல் வரலாம், சிலருக்கு ரத்தம் ஏற்றும் அளவுக்குக் கசியலாம். சிறுநீரில் தொற்று இருந்தால் அதைக் கட்டுப்படுத்திய பிறகே கை வைக்க வேண்டும். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் ரிசல்ட் வர ஓரிரு நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா? தாராளமாக, ஆனால் 2 சென்டிமீட்டர் கால்சியம் கல் அதில் கரையாது. மருந்தில் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல். பெரியதாக இருந்தாலும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தில் சில மாதங்களில் கரைய வாய்ப்புண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. எனவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன், இது எந்த வகைக் கல்லாக இருக்கும் என்று கேளுங்கள்.

அப்புறம் ஸ்டென்ட். பெரிய கல்லுக்கு எந்த முறையில் செய்தாலும், உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்து அனுப்புவது வழக்கம். அதை எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். மாதக்கணக்கில் மறந்துபோனால் அந்தக் குழாய்மேலேயே கல் படியும். அதை எடுக்க மறுபடியும் அறுவை அரங்குக்குத்தான் வர வேண்டியிருக்கும்.