குங்ஃபூ: சொல்லும் பொருளும்

குங்ஃபூ என்பது சீனச் சொல். நெடுநாள் உழைப்பினால் ஒருவருக்குக் கைவந்த திறமை என்பதே அதன் அடிப்படைப் பொருள். அடிதடிக்கு அந்தப் பொருளில் இடமில்லை. சீனத்தில் அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவது உழைப்பையும் அதன் பயனையும் குறிக்கும். இரண்டாவது ஆளைக் குறிக்கும். பக்குவமாகச் சமைப்பவரையும், தூரிகை பிடித்து அழகாக எழுதுபவரையும் குங்ஃபூ உள்ளவர் என்று சொல்லலாம். தென்சீனத்தின் சாவ்சோவ் வட்டாரத்தில் சின்னஞ்சிறு கிண்ணங்களில் பொறுமையாக ஊற்றித் தரும் தேநீருக்கும் குங்ஃபூ தேநீர் என்றே பெயர். பெய்ஜிங்கில் வாழ்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவி சிபோ 1779இல் இச்சொல்லை ஐரோப்பியருக்கு எடுத்துச் சொன்னபோதும், சீனத்தின் தாவோ சமயத் துறவிகளின் மூச்சுப் பயிற்சியையும் உடல்நிலைகளையுமே அதனால் குறித்தார்.

சண்டைக் கலைக்குச் சீனத்தில் முறையான பெயர் வூஷூ. கான்டனீஸ் மொழி பேசும் தென்சீனக் குவாங்தோங் மாகாணம், ஹாங்காங் ஆகிய இடங்களின் மக்களுடைய பேச்சு வழக்கில் சண்டைத் திறமைக்கும் குங்ஃபூ என்ற பெயர் நிலைத்தது. அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது ஹாங்காங் திரைப்படம். அங்கே மோஹாப் படம், குங்ஃபூ படம் என்று இருவகை உண்டு. மோஹாப் படத்தில் வீரர்கள் வாளேந்திக் கூரை விட்டுக் கூரை பறப்பார்கள். உள்ளங்கையிலிருந்து பாயும் ஒளிக்கதிரைப் படச்சுருளிலேயே வரைந்து சேர்த்த காலமும் இருந்தது. குங்ஃபூ படத்தில் பெரும்பாலும் வெறுங்கைதான், கால் தரையில்தான்.

இந்த இரண்டாம் வகைக்கு வழிவகுத்தவை, வோங் ஃபெய்-ஹுங் என்ற குவாங்தோங் ஆசானைப் பற்றி 1949 முதல் கான்டனீஸ் மொழியில் வெளிவந்த படங்கள். வூ பாங் இயக்கிய முதல் படத்தில் தொடங்கி, கான்டனீஸ் இசைநாடக நடிகரான குவான் தாக்-ஹிங் 70க்கும் மேற்பட்ட படங்களில் அந்த ஆசானாக நடித்தார். அவற்றில் நடித்த லாவ் சாம், வோங்கின் நேர்ச்சீடரான லாம் சாய்-விங்கிடம் பாடம் கேட்டவர். லாவ் சாமின் மகன் லாவ் கார்-லியுங் பின்னாளில் பேர்பெற்ற சண்டை இயக்குநரானார். ஆசான் வழியாகச் சீடனுக்கு வந்த கலை அப்படியே திரைக்கும் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒரு விந்தை: இச்சொல் உலகப் புகழ் அடைந்த 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் சீனத்தின் பொதுமொழியான மாண்டரினிலேயே வந்தன, புரூஸ் லீயின் 1971, 1972ஆம் ஆண்டுப் படங்களும் அப்படித்தான். கான்டனீஸ் திரைப்படம் மீண்டும் தலையெடுத்தது 1973க்குப் பிறகே.

சொல்லின் மூலப்பொருளைக் கண்ணால் காண வேண்டுமானால் 1978இல் வந்த 'டிரங்கன் மாஸ்டர்' படத்தைப் பார்க்கலாம். அதில் இளம் வோங் ஃபெய்-ஹுங்காக வரும் ஜாக்கி சான், தலைகீழாகத் தொங்கியபடி, கீழே உள்ள வாளியின் நீரைச் சிறு கிண்ணங்களில் மொண்டு, வயிற்றை மடக்கி எழுந்து, மேலே உள்ள வாளியில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அந்த உடல் நடிப்புக்காக வந்ததன்று. சிறுவயதிலேயே யூ ஜிம்-யூன் என்ற ஆசானின் பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சேர்ந்து சுமார் பத்தாண்டு உழன்று பெற்றது. 1983இல் 'புராஜெக்ட் ஏ' படத்துக்காக மணிக்கூண்டிலிருந்து துணிக்கூரைகளைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்ததும், 1985இல் 'போலீஸ் ஸ்டோரி'யில் மின்விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்து வழுக்கி இறங்கி உள்ளங்கை வெந்ததும் அந்தப் பயிற்சியை நம்பித்தான். இத்தகைய சாகசக் கலைஞர்களைக் கான்டனீஸ் திரையுலகம் 'லுங் ஃபூ மோ சீ' என்கிறது. டிராகனும் புலியுமான சண்டை ஆசான்கள் என்று பொருள். நாடக மேடையிலிருந்து வந்த வழக்கு அது. ('ஸ்டண்ட்' என்ற சொல் அதன் பக்கத்தில் சற்று வறட்சியாகத்தான் ஒலிக்கிறது.)

தமிழில் இதற்கு ஈடு எது? 'தற்காப்புக் கலை' என்பது கராத்தே முதல் சிலம்பம் வரை எல்லாவற்றுக்குமான பொதுச்சொல். 'மற்போர்' என்றால் கட்டிப்புரளும் மல்யுத்தம். மூலப்பொருளுக்கு மிக அருகில் வருவது, சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் சொல்லும் அந்தக் 'கைப்பழக்கம்'தான்; கலைச்சொல்லாகக் 'கைத்தேர்ச்சி' எனலாம். நம் படங்களின் பெயர்ப்பட்டியலில் வரும் 'சண்டைப் பயிற்சி' என்ற தொடரும் பயிற்சியைத்தான் முன்னிறுத்துகிறது. ஹாங்காங் படங்களில் அதே பணிக்குரிய பட்டம் 'சண்டைக்கலை வழிகாட்டல்' என்று பொருள்படும். போதிதர்மரைக் காட்டி இச்சொல்லுக்கே தமிழ் வேர் தேடுவோரும் உண்டு. அவர் ஷாவ்லின் துறவிகளுக்குச் சண்டைக் கலை கற்பித்தார் என்ற கதையையே வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. சொல்லோ ஐயத்துக்கு இடமின்றிச் சீனம்.

கலையின் பெயராக வரும் இடத்தில் மொழிபெயர்க்காமல் குங்ஃபூ என்றே எழுதுவது நல்லது. சொல்லின் முதலில் வரும் நம் ககரம், மூச்சு கலவாத கான்டனீஸ் ஒலிக்கு நன்றாகவே பொருந்துகிறது. 'குங்பூ' என்று எழுதினால் மட்டும் பின்னொலி கெடும். இவ்வகைப் படங்களைக் 'கராத்தே படம்' என்று குறிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். கராத்தே ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் உருவான வேறு கலை.