மருந்துக் கடைக்குப் போகும் முன் பூச்சியின் வாயைப் பாருங்கள்

அம்மாப்பேட்டையில் ஒரு தறி வீட்டிலிருந்து போன் வந்தது. “சார், எங்க வீட்ல குப்பை நடக்குதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க.” பேசியது அந்த வீட்டு அம்மா. மூட்டைப்பூச்சிதான் ஏதோ புது மாதிரி வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மருந்து பாட்டிலும் வாங்கி வைத்திருந்தார்.

தறிக்குழி ஓரத்தில் அது இருந்தது. பஞ்சுத் துகள், மண், காய்ந்த எறும்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு சுண்டைக்காய் அளவுக் குவியல். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, பிறகு நாலு அடி நகர்ந்தது. ஈரத் தூரிகையால் மேலே இருந்த தூசியை மெதுவாகத் தள்ளினேன். உள்ளே பழுப்பு நிறத்தில், இறக்கை முளைக்காத ஒரு இளம் பூச்சி, வேட்டை நாவாய் வகை. இடுக்கியால் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். தலைக்கு அடியில் கட்டையாக, கொக்கி போல வளைந்த ஓர் அலகு. “அம்மா, இது உங்க வீட்டு எறும்பைத் தின்ன வந்ததும்மா” என்றேன். எறும்பைக் குத்தி, எச்சிலை உள்ளே செலுத்தி, சதை கரைந்ததும் உறிஞ்சிவிட்டு, கூட்டை முதுகில் ஏற்றிக்கொள்ளும். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் இந்த வேஷம். மூட்டைப்பூச்சிக்கு இது தூரத்து உறவு என்பது உண்மைதான், ஆனால் மனித இரத்தத்தைத் தேடி வருவதில்லை. கையில் பிடித்து அழுத்தினால் மட்டும் குத்தும். அந்த வலி லேசில் போகாது. அதனால் வெறுங்கையால் தொட வேண்டாம் என்று சொல்லி, கொல்லைப்புறம் விட்டுவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான். பூச்சியின் நிறத்தைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள், வாயைப் பாருங்கள். நம் ஊரில் ஓடு போட்ட எல்லாவற்றையும் வண்டு என்றுதான் சொல்கிறோம். அதில் பாதி வண்டே இல்லை, நாவாய்ப் பூச்சி. வண்டுக்குக் கடிக்கும் தாடை உண்டு. நாவாய்ப் பூச்சிக்குத் தாடையே கிடையாது, ஊசி போன்ற அலகால் குத்தி உறிஞ்சும். உலகம் முழுக்க 80,000 வகைக்கு மேல் உள்ள இந்தக் கூட்டத்தில் மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, செதில் பூச்சி, மூட்டைப்பூச்சி எல்லாம் அடக்கம். ஏற்காட்டு மலையில் கோடையில் காதைக் கிழிக்கும் சில்வண்டும் பெயரில்தான் வண்டு. அதைத் திருப்பிப் பார்த்தால் அதே உறிஞ்சு குழல் இருக்கும்.

திருப்பிப் பார்க்கப் பயமாக இருந்தால் முதுகைப் பாருங்கள். வண்டின் இரண்டு ஓடுகளும் நடுமுதுகில் ஒரே நேர்கோட்டில் சேரும், சட்டைப் பொத்தான் பட்டி மாதிரி. நாவாயின் இறக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். மேல் பாதி தோல் போலத் தடிப்பாகவும், நுனி கண்ணாடித்தாள் போலவும் இருக்கும். தோளுக்குக் கீழே நடுவில் தெளிவாக ஒரு முக்கோணம் தெரியும். அசுவினி, மாவுப்பூச்சி போன்ற பொடிப் பூச்சிகளுக்கு இந்த அடையாளம் பொருந்தாது. அங்கே இலையின் பிசுபிசுப்பையும் எறும்பு ஊர்வதையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, நாவாய்க்குப் புழுப் பருவமோ கூட்டுப் பருவமோ இல்லை. குஞ்சு தாயின் சாயலிலேயே, இறக்கை இல்லாமல் இருக்கும். ஒரே செடியில் சின்னதும் பெரியதும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் இரண்டு வகைப் பூச்சி என்று நினைத்து இரண்டு மருந்து அடிப்பவர்கள் உண்டு. அது ஒரே குடும்பம்தான்.

நாவாய் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, இது செடியைக் குடிக்கிறதா, பூச்சியைக் குடிக்கிறதா? அதையும் அலகே சொல்லிவிடும். செடியின் சாற்றை உறிஞ்சுவதற்கு அலகு மெல்லியதாக, நீளமாக, வயிற்றோடு ஒட்டி நேராகப் படுத்திருக்கும். அம்மாப்பேட்டையில் பார்த்த வேட்டை நாவாய்க்குக் குட்டையாக, தடித்து, வளைந்து நிற்கும். சில நல்ல நாவாய்களுக்கு வளைவு இல்லாமலும் இருக்கும் என்றாலும், தடித்த அலகு தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள், உங்கள் கத்தரிக்காய்ப் புழுவை அது பார்த்துக்கொள்ளும்.

மாசி, பங்குனியில் இலவமரத்தடியில் கூட்டம் கூட்டமாகச் சிவப்புப் பூச்சி வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இறக்கைக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அடிவயிற்றில் வெள்ளைப் பட்டைகள். இரண்டு இரண்டாகப் பின்பக்கம் ஒட்டியபடி நடக்கும். இதுதான் பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சி. விஷப்பூச்சி என்று பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளும் வீடுகளைப் பார்க்கிறேன். அதனால் மனிதருக்கு ஒரு கெடுதலும் இல்லை. உதிர்ந்த இலவ விதைக்குத்தான் வருகிறது. பக்கத்தில் வெண்டையோ பருத்தியோ இருந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். காலையில் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் உதறிவிட்டாலே போதும்.

பச்சை நிறத்தில் கேடயம் போல இருக்கும் நாவாயைத் தக்காளியிலும் அவரையிலும் பார்க்கலாம். தொட்டால் நாற்றம் வரும். கூர்ந்து முகர்ந்தால் கொத்தமல்லியைக் கசக்கியது போல ஒரு நெடி தெரியும். இரண்டிலும் ஒரே வகை வேதிப்பொருள்கள்தான் இருக்கின்றன.

அடுத்து வெள்ளையாக இருப்பவை. நான் பார்த்தவரை அதிகத் தவறு நடப்பது இங்கேதான். முதல் தவறு என்னுடையது. படித்து முடித்த புதிதில், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கொத்துக் கொத்தாக மாவுப்பூச்சி. நடுவே பெரிது பெரிதாக, மெழுகு இழைகள் தொங்கும் வெள்ளைப் பூச்சிகள். தாய்ப் பூச்சி என்று நினைத்து, பறித்து நசுக்கச் சொன்னேன். ஆட்கள் ஒரு நாள் முழுக்க நசுக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898-ல் காப்பியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு அது. செதில் பூச்சியை விட்டுவிட்டு மாவுப்பூச்சிக்கு மாறி, இங்கேயே நிலைத்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் அதை நான்தான் அழித்தேன். இன்றும் அந்தப் பக்கம் போனால் மனசு உறுத்தும்.

வித்தியாசம் இதுதான். மாவுப்பூச்சி மந்தமாக இருக்கும், ஈர்க்குச்சியால் தொட்டாலும் மெல்லத்தான் நகரும். பொறிவண்டுப் புழு விறுவிறுவென்று நடக்கும், மாவுப்பூச்சியைவிட இரண்டு மூன்று பங்கு பெரிதாக வளரும். தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் மரவள்ளி போட்டவர்களுக்கு மாவுப்பூச்சி புதிதல்ல. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, சீக்கிரமே சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துவிட்டது. நுனிக்குருத்து முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு, கணு இடைவெளி குறைந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். உடம்பில் மெழுகு இருப்பதால் மருந்துத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மேலே மேலே அடித்தால் செத்துப்போவது அதன் எதிரிகள். அந்த எதிரியைத்தான், அனாகைரஸ் லோபெசி என்ற எறும்பைவிடச் சின்னக் குளவியை, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தார் ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். கறுத்து உப்பிக் காய்ந்த மாவுப்பூச்சிகள் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தக் காட்டில் மருந்து அடிக்காதீர்கள். பூச்சி பிடித்த காட்டிலிருந்து விதைக்குச்சி வாங்காதீர்கள், அது பெரும்பாலும் குச்சியோடுதான் ஊர் மாறுகிறது.

வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்திக்கும் பப்பாளிக்கும் அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி. புழுவுக்கு அடிக்கும் பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்தை அசுவினிக்கு அடித்துவிட்டு, கேட்கவில்லையே என்று வருபவர்கள் உண்டு. அது இலையைக் கடித்துத் தின்றால்தான் வயிற்றுக்குள் போய் வேலை செய்யும். ஊசி போட்டு உள்சாற்றைக் குடிப்பவனுக்கு இலையின் மேல் இருக்கும் மருந்தால் என்ன ஆகும்?

மலையில் எலுமிச்சை, கமலா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழிருந்து கறிவேப்பிலை நாற்று வாங்கிப் போகும்போது கொழுந்தை ஒரு முறை பாருங்கள். எள்ளைவிடச் சற்றுப் பெரிய, தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி உட்காரும் பழுப்புப் பூச்சி இருந்தால் அந்த நாற்று வேண்டாம். அதுதான் எலுமிச்சைக் குடும்பத்துக்குப் பச்சையாதல் நோயைப் பரப்பும் சைலிட். கறிவேப்பிலை அதற்குப் பிடித்த வீடு. நோய் வந்த மரத்துக்கு வைத்தியம் இல்லை.

கடைசியாக மூட்டைப்பூச்சி. உளுந்து அளவு, தட்டை உடம்பு, இறக்கை கிடையாது. கட்டில் மூட்டிலும் மெத்தைத் தையலிலும் மை தெளித்த மாதிரிக் கரும்புள்ளிகள் இருந்தால் அதுதான். சுவரில் தொங்கும், இரண்டு பக்கமும் கூர்ந்த சாம்பல் பை மூட்டைப்பூச்சி அல்ல, ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழுக்கூடு. மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது, பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். கட்டில் மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீர், துணிகளுக்குச் சுடுதண்ணீர், பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு முறை, ஏனென்றால் விட்டுப்போன முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். தானியக் கிடங்கில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலடியில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லும். டைக்ளோர்வாஸ் மருந்தும் 2020 டிசம்பரோடு நாட்டில் தடை செய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எனக்குப் படம் அனுப்புபவர்கள் முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று என இரண்டு படம் அனுப்புங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு அரிசி வைத்தால் நல்லது. எந்தச் செடியில் இருந்தது, அதற்கு முன் என்ன அடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பூச்சியையே கொண்டுவருவதானால் மாத்திரை டப்பாவில் உயிரோடு கொண்டுவாருங்கள். நசுங்கிய பூச்சியில் அலகு தெரியாது.