நினைவகம்: ரேமுக்குப் பொருந்தும் நம் சொல்

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் மெமரி ஏத்திக் கொடுங்க.” கணினி பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வந்தவர் கேட்பது கணினி ஓடும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும் ரேமா, கோப்புகளை நிலையாக வைக்கும் ஹார்ட் டிஸ்க்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டாக வேண்டும். போனில் படம் எடுத்து எடுத்து இடம் தீர்ந்துபோனாலும் “மெமரி ஃபுல்” என்றுதானே சொல்கிறோம்? தமிழில் எழுதும்போதும் இந்தக் குழப்பம் தொடர்கிறது. பென் டிரைவும் நினைவகம், ரேமும் நினைவகம் என்று எழுதிவிடுகிறார்கள்.

மெமரி என்ற சொல் இயந்திரத்துக்கு வந்த கதையைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்ல்ஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறியை வரைந்தபோது, எண்களை வைக்கும் பகுதிக்கு ‘ஸ்டோர்’ என்றும் கணக்குப் போடும் பகுதிக்கு ‘மில்’ என்றும் பெயர் வைத்தார். கிடங்கும் ஆலையும், துணி ஆலைகள் நிறைந்த காலத்துப் பெயர்கள். 1945இல் ஜான் வான் நியூமன் எட்வாக் கணினியைப் பற்றி எழுதிய அறிக்கையில்தான் கணினியின் உறுப்புகள் மனித நரம்பு மண்டலத்தோடு ஒப்பிடப்பட்டன. கிடங்கு இருந்த இடத்தில் மெமரி வந்தது. ஆனாலும் பிரிட்டன்காரர்கள் வெகுகாலம் ‘ஸ்டோர்’ என்றே சொல்லிவந்தார்கள்.

அந்த மெமரிக்குத் தமிழில் நினைவகம் என்றோம். நூலகம், உணவகம், அச்சகம் போல ‘அகம்’ சேர்ந்த சொல். இது வெறும் மொழிபெயர்ப்பு இல்லை என்பது என் கருத்து. ‘நினை’ என்ற வினை, போனதை எண்ணிப் பார்ப்பதை மட்டும் சொல்வதில்லை. “மழை வரும்னு நினைக்கிறேன்” என்றால் அது இப்போது மனத்தில் ஓடுகிற எண்ணம். “நினைவு தப்பிவிட்டது” என்றால் மயங்கி விழுந்துவிட்டார் என்று பொருள். விழித்திருக்கிற வரை இருப்பது, விழுந்தால் போய்விடுவது: நினைவு என்பதற்கு நம் பேச்சில் இந்தப் பொருளும் உண்டு. ரேம் செய்வதும் இதுதான். இந்த நொடி திறந்திருக்கும் கடிதமும் உலாவியின் பக்கங்களும் அதில் இருக்கும். மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். அதில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1, ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்ட் இந்த மின்தேக்கி வகை நினைவகத்துக்கு 1968இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ரேம் அதன் வழிவந்ததே.

ஆகவே ரேம் மட்டும் நினைவகம். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ் எல்லாம் சேமிப்பகம். பாபேஜின் கிடங்கு அங்கேதான் பொருந்துகிறது.

சரி, ரேம் என்பதன் விரிவான ‘ராண்டம் ஆக்சஸ் மெமரி’யில் உள்ள ‘ராண்டம்’? பழைய பிரெஞ்சில் அது பாய்ந்தோடும் வேகத்தைக் குறித்தது. பின்னால் ஆங்கிலத்தில் குறி இல்லாமல் நடப்பது என்று ஆனது. நம்மூர்ப் புள்ளியியலில் அதைச் சமவாய்ப்பு என்கிறோம், இலங்கையில் எழுமாற்று என்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் ‘தற்போக்கு அணுகல் நினைவகம்’, ‘குறிப்பிலா அணுகு நினைவகம்’ போன்ற பெயர்கள் வந்தன. படிக்கிற பிள்ளை, கணினி மனம்போன போக்கில் எதையோ எடுக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். உண்மை அதற்கு நேர்மாறு. 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் எண்கள் பாதரசக் குழாய்க்குள் ஒலித் துடிப்புகளாகச் சுற்றிவந்தன. வேண்டிய எண் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும், தேர் நம் வீதிக்கு வரக் காத்திருப்பதைப் போல. ரேமில் அந்தக் காத்திருப்பு இல்லை. எந்த அறையை எந்த வரிசையில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டலாம். சமையலின்போது அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் கை ஒரேபோலப் போகிறதே, அதுதான் ராண்டம் அணுகல். விரித்துச் சொல்லியே தீர வேண்டும் என்றால் ‘எவ்விட அணுகு நினைவகம்’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அன்றாடத்துக்கு நினைவகம் போதும்.

இன்னொரு சொல், ‘இன்ஸ்டால்’. மென்பொருளுக்கு நிறுவுதல் நன்றாக இருக்கிறது. ரேமுக்குப் பொருத்துதல்தான் சரி, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள்ளேயே பொருத்தம் இருக்கிறது. எங்கள் வீட்டு மேசைக்கணினிக்கு ஒரு கடையில் 8 ஜிபி ரேம் வாங்கிவந்தேன். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. கணினி டிடிஆர்3 வகை, கொடுத்தனுப்பியது டிடிஆர்4. ரேமைச் செருகும் ஸ்லாட்டில் இறங்கவே இல்லை. டிடிஆர்3க்கு அடியில் 240 பின்கள் (உலோகத் தொடுமுனைகள்), டிடிஆர்4க்கு 288. டிடிஆர்5க்கும் 288தான், ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. தவறான வகையைப் போட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பார்க்காமல் திரும்பக் கொண்டுபோய் மாற்றிவந்தேன்.

பொருத்தம் பார்த்த பிறகு வேலை சிறியது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ஸ்லாட்டின் முனையில் பிடிகளாக இருக்கும் காதுகளை விரித்து, வெட்டை நேராக்கி, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ‘டக்’கென்று காதுகள் தாமாக மூடும். மின்கம்பியைச் செருகிக் கணினியைப் போட்டதும் பீப் ஒலி மட்டும் வந்து திரை இருண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சரியாக உட்கார்ந்திருக்காது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கழற்றித் திரும்ப அழுத்துங்கள். அப்புறம் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், விண்டோஸைத் தமிழில் அமைக்காதவர்களுக்கு ‘மெமரி’ என்ற தலைப்பின் கீழ் புதிய அளவு தெரியும்.